சோலையும் அம்பலமும்

உலகத்துப் பொருள்கள் யாவும் இடத்தினும் காலத்தினும் வைத்தே அறியப்படுவன. ஒரு பொருள் எங்குளது, எப்பொழுது உளது என்னும் இரண்டும் அறியப்படாவிடத்து உள்ளம் அதனைப் பற்றுதல் இயலாது. இவ்விரண்டும் உயிர்க்குப் பெருந்துணையாதலும், துன்பம் வந்துழிப் பெருஞ்சிறையாகத் தோன்றுதலும் அனுபவத்திற் காணக் கிடப்பன. கோயில் எடுப்போரும் ஓவியம் தீட்டுவோரும் சோலை அமைப்போரும் இடத்தையும் காலத்தையுமே கருவியாகக் கொண்டு தொழில் புரிகின்றனர். அத்தொழில் காண்பார் உயிரை எங்குக் கொண்டு செலுத்துகின்றது என்பதே ஆராய்தற்குரியது. குறிஞ்சிப்பாடியில் வாழும் முதியவர் ஒருவர் வாழ்வில் நேர்ந்ததொரு நிகழ்ச்சி இதனை நன்கு விளக்கும்.

கடலூரினின்றும் வடலூர்க்குச் செல்லும் பெருவழியில் உள்ளது குறிஞ்சிப்பாடி. கைத்தறி நெசவால் பெயர் பெற்ற ஊர். அம்முதியவர் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தறியில் அமர்ந்தவர். இளமையிலேயே தீக்கை பெற்று, நாள்தோறும் நீறணிந்து திருவைந்தெழுத்தை ஓதிய பின்னரே தறிக்குழியிற் கால் வைப்பவர். அவர்தம் மனைவியார் தார் சுற்றித் தருவார். அவர் நாடா எறிவார். வீட்டின் கொல்லைப்புறத்தே நந்தியாவட்டையும் அரளியும் வைத்து வளர்த்தவர் அவ்வம்மையார். மாதந்தோறும் திருவாதிரை நாளில் விடியற்குமுன் அம்மலர்களைப் பறித்து மாலையாக்கி, இருவரும் தில்லைக்குக் கொண்டு செல்வர். அவ்வழக்கம் நாற்பது ஆண்டுகள் இடையறாது நடந்தது.

ஒரு மார்கழியில் அவ்வம்மையார் சில நாள் நோயுற்று இறைவன் திருவடி சேர்ந்தனர். அதன்பின் மூன்று ஆண்டுகள் அப்பெரியவர் தில்லைக்குச் சென்றிலர். நீறணிதலும் ஐந்தெழுத்து ஓதுதலும் நின்றில. எனினும் அவை பழக்கத்தால் நடந்தனவேயன்றி உள்ளம் அவற்றின்கண் நில்லாதாயிற்று. கொல்லையில் மலர்கள் பூத்து, பறிப்பாரின்றி உதிர்ந்து கிடந்தன. அடுத்த தெருவில் வாழ்பவரும், ஓய்வு பெற்ற தமிழாசிரியரும், சித்தாந்த சாத்திரங்களை முறையாகப் பாடங்கேட்டவருமாகிய அன்பர் ஒருவர், “ஏன் கோயிலுக்கு வருவதில்லை?” என்று ஒரு நாள் வினவினார். “ஐயா, காலம் என்னை வஞ்சித்துவிட்டது. போகும் வழியெல்லாம் அவள் நடந்த இடமாகவே இருக்கிறது. சந்நிதியில் என் பக்கத்தே ஒருவர் நிற்கும் அளவு இடம் வெறிதாய்க் கிடக்கும். அதனைப் பார்த்துக்கொண்டு கூத்தப்பெருமானைப் பார்க்க என்னால் ஆகாது,” என்றனர் பெரியவர். ஆசிரியர் அதற்கு மேல் ஒன்றும் கூறிற்றிலர். துயரத்திற்கு மறுமொழி உடனே கூறுதல் அறிவுடைமை ஆகாதென்பதை அவர் அறிவார்.

இவ்வாறிருக்கையில், சென்னையிற் கட்டடக் கலை பயிலும் பெயரன் விடுமுறைக்கு வந்தபொழுது படநூல் ஒன்று கொணர்ந்தனன். அது சீன நாட்டுச் சூசௌ நகரத்துப் பழஞ்சோலைகளைப் பற்றியது. திண்ணையில் அமர்ந்து தன் பாட்டனார்க்கு ஒவ்வொரு படமாகக் காட்டி விளக்கினன். ஆசிரியரும் உடனிருந்தனர்.

சூசௌ நகரத்துச் சோலைகளுள் நான்கு 1997-ஆம் ஆண்டிலும், ஐந்து 2000-ஆம் ஆண்டிலும் உலக மரபுச் செல்வங்களாக ஐக்கிய நாடுகளின் கல்வி அறிவியல் பண்பாட்டு நிறுவனத்தாற் கொள்ளப்பட்டன. அவற்றுட் பெரியதொன்று ‘சுவோசெங் யுவான்’ எனப்படும். அரசியலில் திறமற்றவனது தோட்டம் என்பது அப்பெயர்ப் பொருள். மிங் மரபினர் ஆண்ட காலத்தே, பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பதவி துறந்து போந்த வாங் சியன்சென் என்னும் அலுவலர் அதனை அமைத்தனர். தம்மைத் தாமே எள்ளியதொரு பெயரை அதற்கு இட்டனர் போலும். இன்று அதன் பரப்பு ஏறக்குறைய 13 ஏக்கர். ‘வலைஞர் தலைவன் தோட்டம்’ எனப் பொருள்படும் மற்றொன்று ஒன்றரை ஏக்கருக்கும் குறைந்தது. ஆயினும் அவற்றினுட் புக்கோர்க்கு அவை எல்லையற்றன போலத் தோன்றும்.

அங்ஙனந் தோன்றுதற்குரிய உபாயங்களைப் பெயரன் ஒன்றன்பின் ஒன்றாகக் கூறினன். அங்கே வழிகள் நேரே செல்வதில்லை. வளைந்தும் மடிந்தும் செல்லும். நீர்மேல் இட்ட பாலமும் கோணலாகவே கிடக்கும். ஒரு திருப்பத்திற் காணப்படுவது அடுத்த திருப்பத்தில் மறையும். மறைந்த பொருள் வேறொரு பக்கத்தினின்று மீளத் தோன்றும். வெண்சுவர்களிற் பல்வேறு வடிவங்களிற் சாளரங்கள் உண்டு. அவற்றின் பின்னல் வழியே அப்பாலுள்ள மூங்கிலும் கல்லும் சிறிது சிறிதாகப் புலப்படும். முழுநிலாப் போல வட்டமாக வெட்டிய வாயில்களும் உள. சோலைக்குப் புறத்தே நெடுந்தொலைவில் நிற்கும் ஒரு புத்தக் கோபுரம், உள்ளிருக்கும் நீர்நிலைக்கு நேராகத் தோன்றுமாறு மரங்கள் வைக்கப்பட்டுள்ளன. பிறர்க்குரிய காட்சியைத் தம் சோலைக்குக் கடனாகப் பெறுதல் என்று இதனைச் சீனர் கூறுவர். ஜி செங் என்பார் 1631-இல் எழுதி முடித்த ‘யுவான் யே’ என்னும் சோலை நூலில் இம்முறை சிறப்பித்து ஓதப்பட்டுள்ளது. இவை இடத்தைப் பெருக்கும் வகை.

காலத்தைக் காட்டும் வகையும் அங்கு உண்டு. தாய் ஏரியினின்று எடுத்த கற்கள் சோலைகளில் நிறுத்தப்பட்டுள்ளன. நீர் பல்லாண்டு அரித்தமையால் அவை துளைபட்டும் சுருங்கியும் மெலிந்தும் காணப்படும். அத்தன்மை மிகுந்த கல்லையே அவர்கள் உயர்ந்ததாகக் கொள்வர். வாழையிலையில் மழை விழும் ஓசையைக் கேட்டற்கென்றே ஓர் இருக்கைமண்டபம் உண்டு. தாமரை வாடிய பின்னும் அதன் இலைகளைக் களையாது விட்டு, அவற்றின்மேல் இலையுதிர் காலத்து மழை பெய்யும் ஒலியைக் கேட்டற்கு மற்றொன்று உண்டு. மலர்ச்சியைப் போலவே வாடுதலும் அங்கே காட்சியாகக் கொள்ளப்பட்டது.

வென் செங்மிங் என்னும் ஓவியர் 1533-இல் சுவோசெங் யுவானின் முப்பத்தொரு காட்சிகளை ஓவியமாகத் தீட்டி, ஒவ்வொன்றற்கும் ஒரு பாடலும் எழுதினர். பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1551-இல், தம் எண்பதாம் அகவை கடந்த பின்னர், அதே சோலையை மீண்டும் எட்டு ஏடுகளில் வரைந்தனர். அவ்வெட்டு ஏடுகளும் இன்று நியூயார்க்கு நகரத்து மெத்ரோபாலிதன் கலைக்கூடத்தில் உள்ளன. அவர் கண்ட சோலையோ பலர் கை மாறி, அழிந்தும் திருந்தியும் வேறாயிற்று. ஓவியம் எஞ்சி நிற்க, ஓவியத்திற்கு முதலாகிய சோலை மாறிப்போயிற்று என்க.

இவற்றையெல்லாம் பெரியவர் அமைதியாகக் கேட்டனர். பின்னர், குளத்தருகே விசிறி வடிவில் அமைந்த ஒரு சிறு மண்டபத்தின் படத்தைப் பெயரன் காட்டினன். “தாத்தா, இதன் பெயர் ‘யாருடன் அமர்வது’ என்பது. சு ஷி என்னும் பழைய கவிஞரின் மொழியை எடுத்து இட்டிருக்கிறார்கள். நிலவும் காற்றுமே தமக்குத் துணை என்று அவர் தம் வினாவுக்கு விடையும் கூறினாராம்,” என்றனன்.

பெரியவர் முகம் வேறுபட்டது. சிறிது நேரம் கழித்து அவர் கூறியது இது: “ஐயா, அந்தச் சீனப் புலவர்க்குத் தீக்கை இல்லை, திருநீறு இல்லை, ஐந்தெழுத்தும் இல்லை. ஆயினும் அவர்க்கு நிலவும் காற்றும் துணையாயின. எனக்கோ எல்லாம் இருந்தும் பக்கத்து இடம் வெறிதாகவே இருக்கிறது. அப்படியானால் நான் இத்தனை ஆண்டு செய்த வழிபாடு என்ன ஆயிற்று?”

இவ்வினா எளியதன்று. நெடுநாள் வழிபட்ட ஓர் அன்பர் தம் வழிபாட்டின் பயனையே ஐயுறுங்கால், சாத்திரங் கற்றார் அதனைத் தள்ளிவிடுதல் தகாது. ஆசிரியர், “இதற்கு விடை என் வாயில் இல்லை, தில்லையில் இருக்கிறது. நாளை மூவரும் போவோம்,” என்றனர். பெரியவர் மறுத்திலர், உடன்பட்டும் கூறிற்றிலர். மறுநாட் காலையில் நீறணிந்து வாயிலில் நின்றனர்.

அவர்கள் வடலூர் வழியாகச் சென்றனர். அங்கே 1872-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 25-ஆம் நாள், தைப்பூசத்தன்று, இராமலிங்க வள்ளலார் நிறுவிய சத்திய ஞானசபை எண்கோண வடிவில் விளங்குகின்றது. சோதிக்கு முன் ஏழு நிறத் திரைகள் தொங்கவிடப்பட்டுள்ளன. மாதப் பூசந்தோறும் ஆறு திரைகள் நீக்கப்படும். தைப்பூசத்தன்று மட்டும் ஏழும் நீக்கப்படும். ஆசிரியர் பெயரனை நோக்கி, “தம்பி, நீ காட்டிய சோலையில் வழி மடிந்து மடிந்து மறைத்தது. இங்கே திரை மடிந்து மடிந்து மறைக்கிறது. வள்ளலார் தில்லையைப் பூர்வஞான சிதம்பரம் என்றும், இதனை உத்தரஞான சிதம்பரம் என்றும் பெயரிட்டார். ஆதலால் திரையின் பொருளைத் தில்லையிலேயே கேட்கவேண்டும்,” என்றனர்.

வழியிற் பெயரன், சீனர்க்கும் சைவர்க்கும் தொடர்பு உண்டோ என வினவினன். ஆசிரியர் கூறினர்: சோழ வேந்தர் 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளிற் சீன அரசவைக்குத் தூதர் போக்கினர். சீனத்துக் கடற்கரை நகராகிய சுவான்சௌவில், சக ஆண்டு 1203, அஃதாவது கிறித்து ஆண்டு 1281, சித்திரைத் திங்களில் ஒரு சிவாலயம் எடுக்கப்பட்டதனைத் தமிழும் சீனமும் பொறித்த கல்வெட்டுத் தெரிவிக்கின்றது. சீனத்தை அந்நாள் ஆண்ட மங்கோலியப் பேரரசனது உடல்நலம் கருதி, சம்பந்தப் பெருமாள் என்னும் தமிழ்ச் சைவர் அதனை எழுந்தருளுவித்தனர். அக்கோயில் இன்று இல்லை. யானை இலிங்கத்தை வழிபடும் கோலமும், பசு இலிங்கத்தின்மேற் பால் சொரியும் கோலமும் செதுக்கிய அந்நகரத்துக் கற்கள் எஞ்சியுள்ளன. “சோலை மாறியது போலவே கோயிலும் மறைந்தது. இடமும் காலமும் சைவர்க்கென ஒரு தனிச்சலுகை தருவதில்லை,” என்று ஆசிரியர் முடித்தனர். பெரியவர் முதன்முறையாகத் தலையசைத்தனர்.

தில்லை என்பது முதலில் ஒரு காடு. தில்லை மரங்கள் அடர்ந்திருந்தமையின் அப்பெயர் பெற்றது. அம்மரத்தின் பால் கண்ணிற் பட்டாற் பார்வையைக் கெடுக்கும் இயல்பினது. இன்று அம்மரங்களைக் காணவேண்டுவோர் கிழக்கே பிச்சாவரத்து உப்பங்கழிகளுக்குச் செல்லல் வேண்டும். கண்ணைக் கெடுக்கும் மரம் நின்ற காட்டிலேயே கண்பெற்றார் காணும் கூத்து நிகழ்வதாயிற்று. வியாக்கிரபாத முனிவர், வண்டு தீண்டுமுன் மலர் பறித்தற்பொருட்டு இருளிற் காணும் கண்ணும் மரமேறும் புலிக்காலும் வேண்டிப் பெற்றனர் என்பது தலவரலாறு. இரவு கழிந்து விடியல் வருமுன் உள்ள அச்சிறு காலமே அவர் வழிபாட்டிற்கு உரிய காலமாயிற்று. சோலையும் காலமும் இறைபணியில் ஒன்றுபட்டமைக்கு அதனினும் சிறந்த சான்று வேண்டா.

கோயிலின் பரப்பு ஏறக்குறைய 40 ஏக்கர். நாற்றிசையும் ஏழுநிலைக் கோபுரங்கள் நிற்கின்றன. அவற்றின் வாயிற்சுவர்களில் 108 நடனக் கரணங்கள் செதுக்கப்பட்டுள்ளன. நடனம் காலத்திற் செல்வது. கல் இடத்தில் நிற்பது. செல்வதனை நிற்பதன்கண் நிறுத்திய சிற்பியர் திறம் அவ்வாயில்களிற் காணத்தக்கது. கிழக்கு வாயிலாற் புகுவார் நேரே சென்று கூத்தப்பெருமானைக் காணவியலாது. பெருமான் தென்முகம் நோக்கி ஆடுகின்றமையின், சிவகங்கைத் தீர்த்தமும் மண்டபங்களும் கடந்து, திரும்பியே காணவேண்டும். “வழி மடிதல் இங்கும் உண்டு, தாத்தா,” என்று பெயரன் மெல்லக் கூறினன்.

சிற்றம்பலத்தின் அமைப்பை ஆசிரியர் விளக்கினர். பொன்வேய்ந்த கூரையில் உள்ள ஓடுகள் 21,600 என்பதும், அவற்றைப் பிணித்த ஆணிகள் 72,000 என்பதும் மரபு. ஒரு நாழிகைக்கு 360 மூச்சாக அறுபது நாழிகைக்கு, அஃதாவது ஒரு நாளுக்கு, மனிதன் விடும் மூச்சு 21,600. உடலில் ஓடும் நாடிகள் 72,000 என்பர். ஆகவே அம்பலத்தின் கூரை ஒரு நாளாகிய காலமும், மனிதவுடலாகிய இடமும் ஆகும். தொண்ணூற்றாறு சாளரங்கள் தொண்ணூற்றாறு தத்துவங்களைக் குறிப்பன என்பர். சீனச் சோலையின் சாளரம் மூங்கிலைக் காட்டியது. இச்சாளரம் காண்பவனையே அவனுக்குக் காட்டுகின்றது.

வழிபாட்டின் கால அமைப்பும் அத்தகையதே. நாள்தோறும் ஆறு காலப் பூசை உண்டு. படிகலிங்கத்துக்கு ஆறு முறை திருமுழுக்கு நிகழும். கூத்தப்பெருமானுக்கோ ஆண்டில் ஆறு முறையே திருமுழுக்கு. மக்கட்கு ஓராண்டு தேவர்க்கு ஒரு நாளாதலின், மார்கழித் திருவாதிரை தேவரது வைகறையாகவும், மாசிச் சதுர்த்தசி காலையாகவும், சித்திரைத் திருவோணம் நண்பகலாகவும், ஆனி உத்திரம் மாலையாகவும், ஆவணிச் சதுர்த்தசி முன்னிரவாகவும், புரட்டாசிச் சதுர்த்தசி நள்ளிரவாகவும் கொள்ளப்படும். பெரியவர் இதனைப் பன்முறை கேட்டவரே. ஆயினும் அன்று அவர் நின்று, “அப்படியாயின், நானும் அவளும் சேர்ந்து இங்கு வந்த நாற்பது ஆண்டு, அவர்கள் கணக்கில் நாற்பது நாள், நான் வராதிருந்த மூன்று ஆண்டு மூன்றே நாள்,” என்று தமக்குத் தாமே கூறிக்கொண்டனர்.

காலத்தை நொந்தவர்க்கு ஆசிரியர் சித்தாந்தம் கூறும் முறையை அப்பொழுது நினைவுறுத்தினர். சமயங்கள் சில காலத்தையே கடவுள் என்றன. சில அதனை வெறும் பொய்த்தோற்றம் என்றன. சைவசித்தாந்தம் அவ்விரண்டும் கூறாது, முப்பத்தாறு தத்துவங்களுள் ஒன்றாக அதனை வைத்தது. அசுத்த மாயையினின்றும் காலம், நியதி, கலை என்பன தோன்றும். காலம் வினைப்பயனை இறப்பு நிகழ்வு எதிர்வென வரையறுத்துத் தரும். நியதி அவரவர் வினையை அவரவரே நுகருமாறு நிறுத்தும். இடங்கொடுத்தலைத் தொழிலாக உடைய ஆகாயமோ, ஐம்பூதங்களுள் ஒன்றாய், அதனினும் கீழ் நிற்பது. இவை சடம் ஆகலின் தாமே ஒருவரை வஞ்சிக்கமாட்டா. தறியில் இழுத்துக் கட்டிய பாவு ஒருங்கே கிடக்க, ஊடை ஒன்றன்பின் ஒன்றாகவே செல்லும். ஊடை விரைந்ததென்றோ முடிந்ததென்றோ நூலை நோவார் உளரோ? நெய்வான் ஒருவன் உளன் என்று அறிதலே அறிவு.

இதனைக் கேட்ட பெரியவர், “நெய்பவன் உண்டென்பதை நான் அறிவேன், ஐயா. நெய்த துணியிற் பாதியை அறுத்துக்கொண்டு போனதுதான் எனக்கு விளங்கவில்லை,” என்றனர். ஆசிரியர் விடை கூறுமுன் மணி ஒலித்தது. இரகசியத் திரை நீக்கும் வேளை வந்தது.

கூத்தப்பெருமானுக்கு வலப்பக்கத்தே சுவரை மறைத்துத் திரையொன்று தொங்குகின்றது. புறம் கருமையும் அகம் செம்மையும் உடைய அத்திரையைப் பெரியவர் முதலில் ஒரு நெசவாளர் கண்ணாலேயே நோக்கினர். அதுவும் யாரோ ஒருவர் பாவு ஓட்டி ஊடை செலுத்தி நெய்த துணியே. பின்னர் அது விலகிற்று. உள்ளே உருவம் ஒன்றுமில்லை. பொன்வில்வ மாலைகள் தொங்கும் வெளியே உளது. உருவமாகிய கூத்தனும், அருவுருவமாகிய இலிங்கமும், அருவமாகிய வெளியும் ஒரே அம்பலத்தில் அடுத்தடுத்து நிற்கின்றன. சிதம்பரம் என்னும் சொல்லின் பொருள் அறிவுவெளி என்பதாம். பூதமாகிய ஆகாயம் அசைவதற்கு இடம் தரும். அறிவாகிய ஆகாயம் அவ்வாகாயத்துக்கே இடம் தரும்.

திரை மீண்டும் மூடப்பட்டது. கூட்டம் கலைந்த பின்னும் பெரியவர் நின்றுகொண்டே இருந்தனர். ஆசிரியர் அவர் அருகே சென்று தாழ்ந்த குரலிற் கூறியது: “படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என்னும் ஐந்தும் இக்கூத்தின் தொழில். அவற்றுள் மறைத்தல் ஊன்றிய திருவடியின் தொழில். மறைத்தலை அருளுக்கு மாறாக நம்மவர் சொல்லவில்லை. மலம் பக்குவப்படும்வரை அருளே மறைப்பாய் நின்று தொழில் செய்கிறது என்றனர். அவ்வம்மையாரும் மறைந்தனரேயன்றி அழிந்திலர். உயிர் அநாதி, அழிவது உடம்பு. அவர் நிற்கும் இடம் மாயையில் வேறாயிற்று. அவர்க்கும் நமக்கும் நிலைக்களமாகிய இறைவன் வேறாகவில்லை. இறைவன் உயிரோடு ஒன்றாயும், வேறாயும், உடனாயும் நிற்பான் என்பதன்றோ அத்துவிதம்? ‘யாருடன் அமர்வது’ என்று அம்மண்டபம் கேட்டது. ‘உடனாய் நிற்பவன்’ என்பதே நம் நூல் தரும் விடை. உமது பக்கத்தில் வெறிதாய்க் கிடப்பது போன்ற அவ்விடம் அவன் நிற்கும் இடம். அது முன்னரும் அவனிடமே. அவ்வம்மையார் நின்றபொழுதும் அவரைத் தாங்கி நின்றவன் அவனே.”

பெரியவர் இதற்கு மறுமொழி கூறிற்றிலர். அவர் கண்களில் நீர் நிறைந்திருந்தது. அது துயரத்தால் வந்ததோ அன்பால் வந்ததோ என்பது அருகில் நின்றார்க்குத் தெரியவில்லை. அவர்க்கும் தெரிந்திருக்குமென்று கூறுதற்கில்லை. வெளிவரும்பொழுது, எப்பொழுதும் தாமும் மனைவியாரும் அமரும் தூணடியில் சிறிது நேரம் அமர்ந்தனர். பெயரன் அடுத்து அமரப் புகுந்தவன், ஏதோ நினைந்து, ஒருவர் அமரும் அளவு இடம் விட்டு அப்பால் அமர்ந்தனன். பெரியவர் அதனைக் கண்டு, “இங்கேயே வா, அப்பா. அந்த இடம் யார் அமர்ந்தாலும் குறையாது,” என்று அழைத்தனர்.

சீனச் சோலையைத் தாழ்த்துதற்கு இங்கு ஒன்றுமில்லை. உலகியல் வாழ்வினின்றும் ஒதுங்கிய ஒருவன், சிறிய நிலத்திற் பெரிய உலகத்தையும், ஒரு நாளில் நான்கு பருவத்தையும் கண்டு அமைதி பெறுதற்கு அஃது ஓர் உயர்ந்த கருவி. வாடிய தாமரையையும் வெறுக்காது அதன் ஒலியைக் கேட்டவர்கள் காலத்தோடு பகைமை கொள்ளாதவர்கள். அவ்வளவிற்கு அவர்கள் அறிவு பெரியது. ஆயின் சோலை இடத்தைக் காட்டி இடத்திலேயே நிறுத்துகின்றது. காலத்தைக் காட்டி அதன் இனிமையிலே திளைக்கச் செய்கின்றது. அம்பலமோ அவ்விரண்டையும் எண்ணாகவும் ஓடாகவும் சாளரமாகவும் திரையாகவும் அமைத்து, முடிவில் அவற்றை விலக்கி, அவற்றைத் தாங்கி நிற்கும் வெளியைச் சுட்டுகின்றது. சோலையில் எழும் வினாவுக்கு அம்பலத்தில் விடை உண்டு. வினா எழாதவர்க்கு விடை பயன்படாது. பல்லாண்டு திரைவிலகக் கண்டும் அப்பெரியவர்க்கு அன்றே அது பொருள்பட்டமைக்குக் காரணம், அயல்நாட்டுச் சோலை ஒன்று அவர் துயரத்தை வினாவாக மாற்றித் தந்தமையே.

அன்றோடு அவர் துயரம் ஒழிந்தது என்று கூறுதல் மிகையாகும். அவர் இன்றும் தார் சுற்றுங்கால் சிலபோது கைநிறுத்தி அமர்ந்திருப்பதனை அயலார் காண்பர். எனினும் ஒன்று மாறிற்று. தில்லையினின்றும் மீண்ட மறுநாள், விடியற்குமுன் கொல்லையில் விளக்கொளி தெரிந்தது. பெயரன் எழுந்து சென்று பார்த்தபொழுது, பெரியவர் உதிர்ந்த பழமலர்களைக் கூட்டி ஒதுக்கிவிட்டு, நந்தியாவட்டையின் புதுமலர்களை வண்டு வருமுன் ஒவ்வொன்றாகப் பறித்துக் கூடையில் இட்டுக்கொண்டிருந்தனர். நந்தவனப் பணி சரியையின்பாற்பட்டது. நால்வகை நெறியுள் முதற்படி. மூன்றாண்டு நின்றுபோன அப்படியில் அவர் மீண்டும் கால் வைத்தனர். அடுத்த திருவாதிரைக்கு இன்னும் எத்தனை நாள் என்று பெயரனை வினவினர். அவன் கணக்கிட்டுக் கூறினன். “சரி, அதுவரை செடிக்குத் தண்ணீர் விட மறவாதே,” என்று கூறிவிட்டு, மாலை தொடுக்க அமர்ந்தனர்.

திருச்சிற்றம்பலம்.